நூலுக்குள் ஒரு நூல்

டிபோர் ஷலமோன் போன வாரம் நாற்காலி மேல் ஏறி நின்ற இடத்தில் விட்டிருந்தோம். இப்போது அவரை இறக்கிவிடலாம். அவர் செய்த அறிவிப்புக்கு நாற்காலியே தேவையில்லை. தெமெஷ்வார் யூதர் சங்கத்தின் ஜெபக்கூடத்தில் அன்றைக்கு இருந்த எல்லோரையும் ஒரே டிராம் பெட்டியில் உட்காரவைத்துவிடலாம். ஆனால் சங்கத் தலைவர் தரையில் நின்று பேசினால் அது பேச்சு, நாற்காலியில் நின்று பேசினால்தான் பிரகடனம்.

பிரகடனம் இதுதான். பஸ்காவுக்கு முந்தின நாள் வீட்டுத் தலைச்சன் பிள்ளைகள் நோன்பிருக்க வேண்டும் என்பது சட்டம். எகிப்தில் ஒரே ராத்திரியில் தலைச்சன்களெல்லாம் மாண்டபோது நம் தலைச்சன்கள் மட்டும் பிழைத்ததற்கு அது நன்றி. ஆனால் சட்டம் எழுதிய பெரியவர்களுக்கும் வயிறு இருந்திருக்கிறது. சட்ட விளக்கங்கள் நிறைந்த, பல பாகங்கள் கொண்ட பெரிய நூலின் ஏதாவது ஒரு பாகத்தை யாராவது ஒருவர் முழுக்கப் படித்து, கடைசி வரிகளை அன்று காலை சபையில் வாசித்து முடித்தால் அது கொண்டாட்டம். கொண்டாட்டம் என்றால் விருந்து. விருந்தில் உட்கார்ந்த தலைச்சனுக்கு நோன்பு ரத்து. இப்படித் தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர்த் தலைச்சன்கள் நோன்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். இருந்ததுதான் இல்லை.

வருஷா வருஷம் படித்து முடித்துக் கொடுத்த பெரியவர் மகனோடு ஹைஃபாவுக்குப் போய்விட்டார். "கவலை வேண்டாம், இந்த வருஷம் நானே முடிக்கிறேன். அதுவும் நோன்பைப் பற்றிய பாகத்தையே!" என்றார் டிபோர். கைதட்டினார்கள். அவர் மனைவி, பல் டாக்டர் எடித் மட்டும் தட்டவில்லை. வக்கீலான தன் கணவர் ஐந்தாம் ஏட்டில் டிராம் டிக்கெட்டை அடையாளம் வைத்துவிட்டு, போன இலையுதிர் காலத்திலிருந்து புத்தகத்தை வரவேற்பறை அலமாரியில் பார்வைக்கு வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு மட்டுமே தெரிந்த இன்னொன்றும் இருந்தது. ஆறாம் ஏட்டிலிருந்து அந்தப் பாகத்தை அவள் படித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ஒரு ரோஷத்தில், முதல் ஐந்தையும். மிச்சம் கடைசி ஆறு வரிகள். அவற்றை முடிக்கிற நாளுக்காக விட்டுவைப்பது வழக்கம். அவளும் விட்டுவைத்திருந்தாள். எந்த நாளுக்காக என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பஸ்காவுக்கு முந்தின அந்த நாள் விடிந்துவிட்டது.

எடித் அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் டிபோர் முகம் மழித்தபடி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். முடிவுச் சடங்கில் பப்பா என்ற அறிஞரின் பத்துப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். டிபோர் அதை மட்டும் மாய்ந்து மாய்ந்து மனப்பாடம் செய்திருந்தார். இரண்டு வாரமாகப் பப்பாவின் பிள்ளைகள் பத்துப் பேரும் அந்தக் குளியலறையில்தான் குடியிருந்தார்கள்.

அப்புறம் அவர் கடைசி வரிகளை வாசித்தார். அர்த்தம் தெரியாமல், ஆனால் கம்பீரமாக.

எடித்தின் கையிலிருந்த கரண்டி நின்றது. செத்தவரிடம் விடைபெறும்போது என்ன சொல்ல வேண்டும், உயிரோடு இருப்பவரிடம் விடைபெறும்போது என்ன சொல்ல வேண்டும் என்றல்லவா குளியலறைக்குள்ளிருந்து வருகிறது?

ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பழைய புத்தகம் அது. யாரோ ஒரு பைண்டர் இரண்டு பாகங்களைச் சேர்த்து ஒரே அட்டைக்குள் தைத்திருந்தார். முன்னால் நோன்பு, பின்னால் துக்கம். டிபோர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். போனது கடைசிப் பக்கம்தான், வேறொன்றின் கடைசிப் பக்கம்.

சத்தம் வராமல் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கதவருகே போனாள்.

"டிபோர், நீ வாசிக்கிறது எந்தப் பக்கம்?"

"கடைசிப் பக்கம்."

"எதோட கடைசி?"

"புத்தகத்தோட கடைசி, எடித். புத்தகத்துக்குக் கடைசி ஒண்ணுதான் இருக்கும். பல்லு மாதிரி முப்பத்திரண்டு இருக்காது."

"அது துக்கத்தைப் பத்தின..."

"இன்னிக்கு ஒரு நாளாவது என்னைத் திருத்தாம இருக்கியா? வாயைத் திறந்து வெச்சிருக்கறவங்களைத் திருத்து. அவங்கதான் காசு குடுத்து வர்றாங்க."

உள்ளே வாசனைத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. எடித் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், கத்தியே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சரியான பக்கத்துக்குப் போவார். அங்கே ஆறு வரிகள் காத்திருக்கின்றன. அவற்றை அவர் கம்பீரமாக, அர்த்தம் தெரியாமல், சபை நடுவில் வாசிப்பார்.

என் ஆறு வரிகள், என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அதில் எவ்வளவு ஆசை இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. முட்டைகளைக் குளிர்ந்த நீரில் போட்டாள்.

ஜெபக்கூடத்தின் சின்ன அறையில் மேஜை தயாராக இருந்தது. முட்டை, தேன் கேக், பிளம் சாராயம். பண்டிகைக்கு முன் புளித்த மாவுப் பண்டம் சாப்பிட அந்தக் காலைதான் கடைசி, அதுவும் நேரம் ஏறுவதற்குள். பிறகு எட்டு நாளைக்கு கேக்கைப் பார்க்கக்கூட முடியாது. அதனால் எல்லோரும் பிரார்த்தனைப் புத்தகத்தை ஒரு கண்ணாலும் கேக்கை இன்னொரு கண்ணாலும் பார்த்தபடி காலைப் பிரார்த்தனையை முடித்தார்கள்.

புக்கரெஸ்டிலிருந்து மதகுரு, ரபி லெவென்டர் வந்திருந்தார். இளைஞர், தாடி இன்னும் முழுசாக முடிவு செய்யாத முகம். ராத்திரி ரயிலில் வந்த பசி கண்ணில் தெரிந்தது. அவர் பக்கத்தில் ஃபுலோப் மாமா. எண்பதைத் தாண்டியவர், டிபோர் குடும்பத்தை அவர் அப்பா காலத்திலிருந்து அறிந்தவர், சர்க்கரை நோயாளி, சட்டம் என்றால் இம்மியும் விடாதவர். எதிரில் டிபோரின் தம்பி பூபி. உண்மைப் பெயர் இம்ரே. ஆனால் தொட்டிலில் வைத்த செல்லப் பெயரை வழுக்கை விழுந்த பிறகும் விடாமல் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

எடித் பின்வரிசையில், சமையலறைக் கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

டிபோர் எழுந்தார். நகரசபைக்கு நன்றி சொன்னார். கூரை ஓடு மாற்றியவருக்கு நன்றி சொன்னார். தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் தொலைநோக்குக்கு நன்றி சொன்னார்.

"மாதக்கணக்கில் நான் இந்தக் கடலில் மூழ்கியிருந்தேன்" என்றார்.

"முழங்கால் வரைக்கும்" என்றான் பூபி, கேக்கிடம் சொல்வதுபோல.

டிபோர் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். குரல் கூரையைத் தொட்டது. ரபி லெவென்டர் ஆவலோடு குனிந்து கேட்டார். பிறகு நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்தார்.

"தலைவரே, மன்னிக்கணும்" என்றார். "யாரு செத்துப்போனாங்க?"

"என்ன?"

"நீங்க வாசிக்கிறது துக்க பாகத்தோட முடிவு. நீங்க சொன்னது நோன்பு பாகம்."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டிபோர் புத்தகத்தை முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார், அட்டையைப் பார்த்தார். அட்டை உதவவில்லை.

ரபி நல்ல மனுஷர். ஒரு கயிறு வீசினார். "அதனால என்ன, துக்க பாகத்தை முடிச்சிருந்தாலும் கொண்டாட்டம் கொண்டாட்டம்தான். இதைப் படிச்சு முடிச்சிருக்கீங்கல்ல?"

டிபோரின் வக்கீல் மூளை விழித்துக்கொண்டது. "முடிச்சதுங்கறதுக்கு நீங்க வெச்சிருக்கிற வரையறை என்ன?"

பூபி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்து மேஜை முழுவதும் சிரித்தது. ஃபுலோப் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"ரபி, நீங்க எதையாவது முடிச்சுத் தாங்களேன்" என்றார்.

"என்னோடதைப் போன வாரமே முடிச்சுட்டேன், மாமா. புதுசுல ரெண்டு ஏடு கூட ஆகல."

"அப்ப நோன்புதான்." ஃபுலோப் மாமா தன் தட்டைத் தள்ளிவைத்தார்.

எடித் எழுந்துவிட்டாள். "மாமா, காலைல இன்சுலின் போட்டீங்களா?"

"போட்டேன். இதோ சாப்பிடப் போறோம்னு நம்பித்தானே போட்டேன்."

"அப்ப உடனே சாப்பிட்டாகணும்."

"உடம்புக்கு முடியாதவங்களுக்கு நோன்பு கிடையாது, மாமா" என்றார் ரபி அவசரமாக.

"யாருக்கு உடம்புக்கு முடியல?" என்றார் கிழவர். அவர் கை மேஜை விரிப்பின் மேல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தால் எல்லோருக்கும் கொடு, இல்லையென்றால் எனக்கு வேண்டாம் என்கிற பிடிவாதம் அவர் தாடையில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தாடையை எடித் நன்றாக அறிவாள்.

ரபி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஏதாவது வழி கிடைக்காதா என்று இரண்டு பாகங்களும் சேரும் இடத்துக்குப் புரட்டிப் போனார். அங்கே, நோன்பு பாகத்தின் கடைசி ஏட்டில், வெள்ளையாக ஏதோ தொங்கியது. இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

நூலுக்குள் ஒரு நூல். பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்கிற மெழுகு நூல். மேஜை வரைக்கும் புதினா மணம் வந்தது.

அந்த அறையில் பல் டாக்டர் ஒருவர்தான். தலைகளெல்லாம் சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பின.

டிபோர் எல்லோரையும் விட வேகமாகத் திரும்பினார். "ஆங்! அது என் மனைவி எனக்காக வெச்ச அடையாளம். பக்கம் தவறக் கூடாதுன்னு வெச்சா, காலை அவசரத்துல நான்தான் கவனிக்கல. குடுங்க ரபி, இப்பவே வாசிச்சுடறேன்." பிறகு எடித்தைப் பார்த்தார். வாதம் முழுக்கத் தோற்ற பிறகு சாட்சிக் கூண்டைப் பார்க்கிற பார்வை. "இல்லையா, எடித்?"

ஒரு தலையாட்டல் போதும். அவர் மானம் பிழைக்கும், ஃபுலோப் மாமா சாப்பிடுவார், கேக் காலியாகும். முப்பது வருஷக் கல்யாணத்தில் இதைவிடப் பெரிய விஷயங்களுக்கு அவள் தலையாட்டியிருக்கிறாள். ஆனால் படிக்காதவர் வாசித்தால் எதுவும் முடிவதில்லை. இத்தனை தலைச்சன்களும் ஒரு பொய்யைச் சாப்பிட்டு நோன்பை முறிப்பார்கள். அதோடு அந்த ஆறு வரிகளும் போய்விடும்.

"இல்லை" என்றாள் எடித். "அது என் அடையாளம்."

"உங்களோடதா?" என்றார் ரபி.

"முதல் ஏட்டிலேர்ந்து படிச்சேன். ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. கடைசி ஆறு வரி பாக்கி."

"அண்ணி!" என்றான் பூபி.

"எப்போ?" என்றார் டிபோர். அதிகாரம் எதுவும் ஒட்டாத குரல்.

"காலைல கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போய், சாயங்காலம் அலமாரியில வெச்சுடுவேன். ஊசி போட்டா ஈறு மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். வாயைத் திறந்துக்கிட்டு விட்டத்தைப் பார்த்துட்டு இருப்பாங்க. அப்போ."

ஃபுலோப் மாமா மெல்ல நிமிர்ந்தார். "என் கடைவாய்ப் பல்லைப் புடுங்கினப்போ கூடவா?"

"அது மழை கேட்டு நோன்பிருக்கிற இடம், மாமா. உங்களுக்கு ரெண்டு ஊசி போட வேண்டியதாப் போச்சு. எனக்கு ஒரு ஏடே முடிஞ்சுது."

"அதான் அவ்வளவு நேரமாச்சா! பல்லு கஷ்டம்னு சொல்லி ஏமாத்தினியே!"

சிரிப்பு அடங்கும்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எல்லாம் சரி. பொம்பளை முடிச்சா நோன்பு முறியுமா?"

எல்லோரும் ரபியைப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. "டாக்டர், படிக்கும்போது எந்த இடத்துல சண்டை போட்டீங்க?" என்று கேட்டார். பரீட்சை வைக்கிற தொனி இல்லை. ஒரே ஊருக்குப் போய்வந்த இன்னொருவரைச் சந்தித்த தொனி.

"இரவல் உடுப்புல" என்றாள் எடித் உடனே. "திராட்சைத் தோட்டத்துக்கு ஆட வர்ற பொண்ணுங்க அத்தனை பேரும் வெள்ளை உடுப்பை இரவல் வாங்கித்தான் போட்டுக்கணும். இல்லாதவ கூசிப்போகக் கூடாதாம். ராஜா மகளுக்கும் இரவல்தான். எனக்குக் கோபமா வந்துது. நல்ல உடுப்பு சொந்தமா இருக்கிறவ எதுக்கு மறைக்கணும்? பல நாள் மனசுக்குள்ள சண்டை போட்டேன். அப்புறம் பார்த்தா, நானே என் புருஷன் புத்தகத்தை இரவல் எடுத்துத்தான் படிச்சுட்டிருக்கேன்."

ரபி லெவென்டர் முகத்தில் பசி மறைந்து வேறெதோ வந்தது.

"சட்டம் பேசுறது, படிச்சு முடிச்சவரோட சந்தோஷத்தைப் பத்தி" என்றார் மூலையைப் பார்த்து. "அவருக்கு மீசை இருக்கணும்னு எங்கேயும் எழுதினதா எனக்குத் தெரியல. எழுதியிருக்குன்னு நினைக்கிறவங்க, சாப்பிட்டப்புறம் என்கிட்ட வந்து காட்டுங்க. வாங்க டாக்டர்."

பின்வரிசையிலிருந்து வாசிப்பு மேஜைக்கு அதிக தூரமில்லை. ஆனால் அந்தத் தூரத்தை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அதுவரை நடந்ததில்லை. மேஜை முன்னால் டிபோர் நகராமல் நின்றிருந்தார். எடித் வந்ததும் விலகப் போனார்.

"இங்கேயே நில்லு" என்றாள். "உன் புத்தகம்தானே."

வாசிக்கத் தொடங்கினாள். குரலில் கம்பீரம் இல்லை, ஒவ்வொரு சொல்லும் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வரவிருக்கும் காலத்தில் நல்லவர்களெல்லாம் வட்டமாக ஆடுவார்கள். நடுவில் யாருக்காகக் காத்திருந்தார்களோ அவர் இருப்பார். ஆளாளுக்கு விரல் நீட்டி இதோ, இவர்தான் என்பார்கள். துளைக்கருவி பிடித்துப் பழகிய எடித்தின் விரல் அந்த வரி மேல் ஊர்ந்தது. கடைசிச் சொல்லைத் தொட்டது. முடிந்தது.

அடுத்து பப்பாவின் பிள்ளைகள். குளியலறைக் கதவு வழியாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடமாகியிருந்தது. ஹனினா, ராமி, நஹ்மான், அஹாய், அப்பா மாரி, ராஃப்ராம் என்று விறுவிறுவென வந்து, ஏழாவது பிள்ளையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ராகிஷ்" என்றார் பக்கத்தில் நின்ற டிபோர், மெதுவாக.

"ராகிஷ்!" என்றாள் எடித். மீதி மூன்று பேரையும் இருவரும் சேர்ந்தே கூப்பிட்டார்கள்.

பூபி மேஜையைக் குத்தினான். யாரோ வாழ்த்திக் கூவினார்கள். அதற்கப்புறம் யார் யாரைப் பிடித்து இழுத்தார்கள் என்று சொல்ல முடியாது. முழங்கால் வலிக்காரர்களும் இடுப்பு வலிக்காரர்களும் அந்தச் சின்ன அறையில் வட்டமாகச் சுற்றினார்கள். சமையலறையிலிருந்து பெண்கள் கரண்டியோடு வந்து சேர்ந்தார்கள். ஃபுலோப் மாமா ஆடவில்லை. முட்டையை முடித்து, இரண்டாவது கேக் துண்டில் இருந்தார். "ஆகா!" என்று வாய் நிறையச் சொன்னார். அவர் கை நடுக்கம் நின்றிருந்தது. எடித் அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

டிபோர் மட்டும் ஜன்னலோரம் கையைக் கட்டி நின்றார். எடித் ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு போனாள்.

"சாப்பிடு. நேரம் ஆகப்போகுது."

"நான் நோன்பு."

"நோன்பு முறிஞ்சாச்சு."

"உனக்கு."

"தலைச்சன் நான் இல்லை, டிபோர். நீதான். உனக்காகவும்தான் முறிச்சேன்."

அவர் ஜன்னலையே பார்த்தார். "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

"ஆமா."

"நீயும்."

"நான் காலைலயே சிரிச்சு முடிச்சுட்டேன். இங்க சிரிக்கல."

மீசை லேசாக அசைந்தது. "ராகிஷை நான் சொல்லலேன்னா நீ மாட்டியிருப்ப."

"மாட்டியிருப்பேன்."

"அதை ரபி கவனிச்சாரா?"

"நல்லாவே கவனிச்சார்."

டிபோர் தட்டை வாங்கினார். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். "தேன் கொஞ்சம் தூக்கல்" என்றார். தலைவர் திரும்பி வந்துவிட்டார். எடித்துக்குச் சிரிப்பு பொங்கியது, இந்தத் தடவை அடக்கவில்லை.

அப்போதுதான் ஆட்டத்திலிருந்து பூபி மூச்சு வாங்க மேஜைக்கு வந்தான். "தள்ளுங்கப்பா, தள்ளுங்க! காலைலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல." ஒரு முட்டையை முழுசாக வாயில் போட்டான்.

"நீ எதுக்குடா பட்டினி கிடந்த?" என்றார் ஃபுலோப் மாமா. "இளையவனுக்கு ஏது நோன்பு?"

"அம்மா சொன்னாங்க. போன வருஷம் ஆஸ்பத்திரியில, கடைசியா. பஸ்காவுக்கு முந்தின நாள் நீயும் நோன்பிரு, அண்ணனை மாதிரி நீயும் இருக்கணும்னாங்க. ஏன்னு கேக்கறதுக்குள்ள தூங்கிட்டாங்க."

ஃபுலோப் மாமா கேக்கைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

நிலைமை தெரியாத ரபி லெவென்டர் உற்சாகமாக மென்றபடி விளக்கினார். "ஏன், இருக்கலாமே! அப்பாவுக்கு மூத்தவனும் தலைச்சன், அம்மாவுக்கு மூத்தவனும் தலைச்சன். ஒரே வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தலைச்சனா இருக்கலாம். அம்மா மட்டும் வேற வேறயா இருக்கணும், அவ்வளவுதான்."

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தங்களுக்கு ஒரே அம்மா என்றுதான் அண்ணனும் தம்பியும் அதுவரை நம்பியிருந்தார்கள். ஜன்னலோரம் டிபோரின் கை தட்டோடு நின்றது. பூபி அண்ணனைப் பார்த்தான், பிறகு ஃபுலோப் மாமாவை. கன்னம் புடைக்க இருந்த முட்டையை விழுங்க மறந்திருந்தான்.

"மாமா," என்றாள் எடித் மெதுவாக, "உங்களுக்கு என்ன தெரியும்?"